இல்லாத ஊரில் தேவியை நிறுத்தக் கிள்ளானுக்குப் போனது

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போய் வந்தேன். என் மனைவி தேவி டெங்கிக் காய்ச்சலில் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. வருடத் திதிக்குள் வீட்டில் அவள் படத்தை மாட்டியாக வேண்டும் என்று செந்தூலில் இருக்கும் என் மாமியார் சொல்லிவிட்டார். இதே வேலையாகப் போகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

கே.எல். சென்ட்ரலில் காலை 9.20க்குக் கொமுட்டர் ரயில். கட்டணம் 4 வெள்ளி 60 காசு. கிள்ளானில் இறங்கும்போது 10.25. படக்கடைகள் இருக்கும் தெருவுக்கு ஐந்நூறு மீட்டர் நடை.

பையில் தேவியின் புகைப்படம் இருந்தது. கூடவே, அவள் பழைய காலண்டரிலிருந்து கிழித்துச் சமையலறையில் ஒட்டியிருந்த படம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியம். இடிந்த ரோமானிய வளைவுகள், செடி முளைத்த தூண்கள், அடியில் எறும்பளவில் துணி துவைக்கும் பெண்கள். அங்கே போக வேண்டும் என்பாள். அப்படி ஓர் ஊரே இல்லை, எங்கெங்கோ பார்த்த இடிபாடுகளை அந்தக் காலத்து ஓவியர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கற்பனையாக வரைந்தார்கள் என்று படித்துச் சொன்னேன். கட்டட வரைபடம் போடுவது என் வேலை. அதனால் அந்த வளைவு நிற்காது என்றும் சொன்னேன்.

"இத்தன வருஷமா நிக்குது. நீங்க ஏன் இடிக்கிறீங்க?" என்றாள்.

இந்தக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைப் புகைப்படத்திலிருந்து வெட்டியெடுத்து, அவர் போகாத இடத்தில் நிறுத்தித் தருவார்கள்.

"அருவி இருக்கு, சுவிஸ் இருக்கு. போன வாரம் ஒரு அங்கிள லோரியோட மேகத்துல ஏத்திட்டேன். உங்களுக்கு எது பாஸ்?" என்றார் கடைக்காரர்.

காலண்டர் படத்தை நீட்டினேன்.

"இடிஞ்ச பில்டிங்கா? நல்லா இருக்காது லா."

"அவங்களுக்கு அங்க போகணும்னு ஆசைண்ணே."

அவர் இரண்டு படங்களையும் கணினியில் ஏற்றினார். தேவியைத் தூண்களுக்கு முன்னால் நிறுத்தினார். தூண்களில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்தது, அவள் முகத்தில் வலப்பக்கமிருந்து. சொன்னேன். ஒரே அழுத்தில் அவளை இடவலமாகத் திருப்பினார். பொருந்திவிட்டது. அச்சுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, திரையைப் போனில் படமெடுத்து மாமியாருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். "மாப்ள, மூக்குத்தி ஏன் எடது பக்கம் இருக்கு? அவளுக்கு வலது பக்கம்லா குத்துனோம்."

நான்கு வருடம் தினமும் பார்த்த முகம். நான் வெளிச்சத்தின் கோணத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

"பழையபடி திருப்பினா லைட்டு ஒட்டாது பாஸ்."

"அவங்கள பழையபடி வச்சிடுங்க. ஊரத் திருப்புங்கண்ணே."

"ஊரயா? ஒரிஜினல் மாதிரி இருக்காதே."

"இல்லாத ஊருதானே. எப்படி இருந்தா என்ன."

சட்டத்துடன் 95 வெள்ளி. முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மதிய ரயிலில் திரும்பினேன், படம் மடியில்.

போகிறவர்கள் அசல் புகைப்படத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் மச்சம், மூக்குத்தி, வகிடு எல்லாம் எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஞாபகத்தை நம்பிப் போகாதீர்கள். எனக்குப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது.