கையில் இருந்த பெயர்

ஆவுடைத்தாய் அக்கா கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலோ பாங்கிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பேசாமல் இடது கையை நீட்டுவாள். மணிக்கட்டுக்கு மேலே பச்சை எழுத்தில் ‘நமச்சிவாயம்’ என்று இருக்கும். கல்யாணமான வருஷம் ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டிப் போய் அவரேதான் பச்சை குத்திவிடச் சொன்னாராம். “வாயால சொல்ல மாட்டே. கையாலயாவது சொல்லு” என்று ஒரு சிரிப்பு வேறு.

சிக்கல் என்னவென்றால் அது சாமி பெயரும்கூட. நெல்லையப்பர் சந்நிதியில் கூட்டமே ஐந்தெழுத்தைச் சொல்லும்போது இவள் மட்டும் “சிவ சிவா” என்று சமாளிப்பாள். “சாமி கோவிச்சுக்கிட மாட்டாராக்கா?” என்று ஒருமுறை கேலி செய்தேன். “அவருக்குத் தெரியாதா? என்னய மாதிரி எத்தன பேரப் பாத்திருப்பாரு” என்றாள்.

நான் டார்லின். பாளையங்கோட்டையில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் லேசர் அறை நர்ஸ். பச்சையை அழிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் இருப்பார்கள். போலீஸ் வேலைக்குத் தேர்வானவர்கள், பழைய காதலி பெயரோடு பெண் பார்க்கப் போகிறவர்கள். இவள் மட்டும்தான் எதையோ திருட வந்தவள் மாதிரி பதுங்கிப் பதுங்கி வந்தாள்.

நமச்சிவாயம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவளை விட்டுவிட்டுக் களக்காட்டில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டார். இவள் தனியாகவே மகள் விஜயஸ்ரீயைப் படிக்க வைத்து, கல்யாணமும் நிச்சயம் செய்தாயிற்று. “அந்த ஆளு பேரோட என் மணமேடையில வந்து நிக்காத” என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டபோது என் கையைப் பிடித்தாள். “நர்சம்மா, முத எழுத்த மட்டும் விட்டுரலாமா? எனக்கு இனிசியல் அதுதான.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எட்டிக்கூடப் பாக்காத மனுசனுக்கு எழுத்து ஒரு கேடாக்கா?” என்று வெடுக்கென்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் என் கையை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். லேசர் டிக் டிக்கென்று அடிக்க, எழுத்தெல்லாம் வெளுத்துப் பொங்கும், முடி பொசுங்கும் வாடை வரும். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் படுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் எழுத்தை விரலால் பையத் தடவிப் பார்ப்பாள். ஏழாவது தடவையோடு தடவிப் பார்க்க எதுவுமில்லை.

தையில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பங்குனியில் நமச்சிவாயம் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். சட்டைப்பையிலிருந்த ஆதார் அட்டையில் பழைய விலாசமே இருந்ததால், போலீஸ்காரர் ஆவுடைத்தாய் வீட்டுக் கதவைத் தட்டினார். “எனக்கு அப்பா கிடையாது” என்று மகள் போனை வைத்துவிட்டாள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

“வேற யாரக் கூப்பிட? அவுக பேர அழிச்சது நாம ரெண்டு பேருந்தான” என்றாள். போகாமல் இருக்க முடியுமா?

பிணவறை வாசலில் ஒருவர் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“எறந்தவரு உங்களுக்கு என்ன வேணும்மா?”

“வீட்டுக்காரரு.”

“அவரு பேரு?”

பழக்கத்தில் இடது கையை நீட்டினாள். அவர் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அவளும் தன் கையைப் பார்த்தாள். கொஞ்சம் வெளிறிய தோல், அவ்வளவுதான். நீட்டிய கையை மடக்க அவளுக்குத் தோன்றவில்லை.

நான் சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன். வேண்டாமென்று தலையசைத்தாள். உதடு இரண்டு மூன்று முறை கூடிப் பிரிந்தது.

“நமச்சிவாயம்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன், குரலைத் தணித்துக்கொண்டார். “சாமியப் பொறவு கும்பிட்டுக்கிடலாம்மா. இப்ப அவரு பேரச் சொல்லுங்க.”

“அதுதான்யா அவுக பேரு” என்றாள். “நமச்சிவாயம். நமச்சிவாயம்.”

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, கையெழுத்துக்காகப் படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்த பிறகும் அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.