மாமாவின் கராஜும் மச்சாளின் இசைக்குழுவும்

என் மச்சாள், மாமாவின் மகள், இங்கிலாந்தில் ஓர் இன்டி ரொக் இசைக்குழுவில் பாடுகிறாள். அவர்கள் முதன்முதலாகக் கடல் கடந்து வந்து வாசித்த இரண்டு நாடுகளில் நான் வசிக்கும் டென்மார்க் ஒன்று. டென்மார்க் கச்சேரிக்கு ஒலியமைப்பைப் பார்த்தது நான். அதனால் அந்தக் குழுவின் ஆரம்ப காலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரத்தை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

குழுவில் நான்கு பேர். மச்சாள் பாட்டும் கிற்றாரும், இன்னொரு கிற்றார்காரர், பேஸ் வாசிக்கும் பெண், டிரம்ஸ் அடிக்கும் நெடிய மனிதர். கைவசம் ஒன்பது பாட்டுகள். இரண்டு வருடத்தில் பெயரை மூன்று முறை மாற்றியிருந்தார்கள். இதனால் பழைய ரசிகர்களுக்கு அவர்களைத் தேடிப் பிடிப்பது சிரமமாக இருக்கிறது என்றாள் மச்சாள். எத்தனை ரசிகர்கள் என்று கேட்டேன்.

“மச்சாள், நம்பர் கேக்காதை,” என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

பயிற்சி நடப்பது மாமாவின் கராஜில். மாமா என் அம்மாவின் தம்பி. மகள் மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு, முழுநேர வேலைக்குப் போகாமல் கிற்றாரைத் தூக்கிய நாளிலிருந்து அவருடைய கார் வீதியில் மழையில் நிற்கிறது. கோடை முடியக் கராஜைப் பூட்டுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அயலவர் திட்டாமல் டிரம்ஸ் அடிக்க அவர்களுக்கு வேறு இடம் இல்லை. கராஜ் போனால் குழுவும் போய்விடும். மாமாவுக்கும் அது தெரியும்.

டென்மார்க் பயணம் சரிவந்ததும் அவர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, நான் போய்ப் பாத்தால் சண்டைதான் வரும். நீங்கள் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் ஓமெண்டால் விடுறன். இல்லையெண்டால் பூட்டுறன்.”

அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஒவ்வொரு வேலை முடிவிலும் யார் சாப்பிட்டார், யார் நடந்தார் என்று எழுதிக் கொடுத்துப் பழகியவர். கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். மச்சாளுக்குப் பயம் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

நான் ஒலித் தொழில்நுட்பம் படித்தவள். காது கேட்கும் கருவிகள் செய்யும் இடத்தில், சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வார இறுதிகளில் டோஸ்ட்ருப்பில் ஒரு கலாசார மண்டபத்தில் சம்பளம் இல்லாமல் ஒலி பார்ப்பேன். ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஐந்து வரை மண்டபத்தைப் பிடித்துக்கொண்டேன். ஐந்துக்கு ஒரு பாடகர் குழு பயிற்சிக்கு வரும். பிறகு வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டேன். கேபிள், மேலதிகக் கேபிள், அந்த மேலதிகக் கேபிளும் பழுதானால் ஒரு கேபிள், கிற்றார் நரம்புகள், டிரம்ஸ் வழுக்காமல் இருக்க ஒரு கம்பளம், தண்ணீர் என்று பதினான்கு விடயங்கள். எல்லாவற்றுக்கும் நேராகச் சரி அடையாளம் விழுந்தது.

பட்டியலில் இல்லாதது ஒன்றுதான். அம்மாவிடம் நான் மூன்று மணி என்று உண்மையைச் சொல்லியிருந்தேன்.

இங்கே எங்கள் ஆட்களின் எந்த அழைப்பிதழிலும் மூன்று மணி என்று அடித்தால் விழா நாலரைக்குத்தான் தொடங்கும். அடிப்பவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். மூன்று மணிக்கே ஆட்கள் வேண்டுமென்றால் ஒன்றரை என்று அடிக்க வேண்டும். எத்தனையோ பிறந்தநாள்களில் வெறும் கதிரைகளோடு காத்திருந்து கற்ற பாடம் இது. என்னதான் படித்து என்ன, அன்றைக்கு மறந்துவிட்டேன்!

டேனிஷ்காரர்கள் மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்துவிட்டார்கள். முப்பத்தொரு பேர். அதில் ஆறு பேர் என்னோடு வேலை செய்பவர்கள். ஒருவர் ஐந்து மணிப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர். நேரத்தைப் பிழையாகப் பார்த்துவிட்டார், ஆனாலும் இருந்தார். சரியாக மூன்றுக்குக் குழு தொடங்கியது.

மச்சாள் தன் சப்பாத்தைப் பார்த்துப் பாடினாள். பாட்டுகளுக்கு நடுவில் கதவைப் பார்த்தாள். ஆறாவது பாட்டில், குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில், அது உடையப்போவது எனக்கு முதலே தெரிந்தது. யாரும் அறியாமல் அவளுடைய ஒலியைக் குறைத்துக் கிற்றாரைக் கூட்டிவிட்டேன். மூன்று முப்பத்தெட்டுக்கு ஒன்பது பாட்டும் முடிந்தன. கைதட்டல் மரியாதையாக இருந்தது. அம்மா வரவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். “வெளிக்கிட்டாச்சு,” என்றார். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. அம்மா தனியாக எங்கும் போவதில்லை. அவரோடு புரொண்பியிலிருந்து மூன்று கார்களில் பதினொரு பெண்கள், கார் ஓட்டிவந்த இரண்டு கணவன்மார், பெரிய தட்டு நிறையச் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ். டிரம்ஸ்காரர் அப்போது தன் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னும் துவங்கேல்லைத்தானே?” என்றார் அம்மா.

“முடிஞ்சுது, அம்மா.”

“முடிஞ்சுதோ? மூண்டு மணியெண்டால் மூண்டு மணிக்கே துவங்கினனீங்கள்?” அவருக்கு உண்மையாகவே கோபம்.

மச்சாளின் முகத்தில் கராஜின் கதவு மூடுவது தெரிந்தது. சில வினாடிகள்தான். “மாமி, இருங்கோ,” என்றாள். “நாங்கள் திருப்பிச் செய்யிறம்.”

மற்ற மூவரிடமும் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டிரம்ஸ்காரர் கழற்றியதைப் பூட்டினார். மேலங்கிகளைப் போட்டுக்கொண்டிருந்த டேனிஷ்காரர்கள் ரோல்ஸ் வாசத்தில் அவற்றைத் திரும்பவும் கொழுவினார்கள்.

இன்டி ரொக்கை நின்றுதான் கேட்பார்கள் என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த கதிரைகளை இழுத்து வரிசை கட்டினார்கள். முதல் வரிசையைப் பிரமுகர்களுக்கென்று வெறுமையாக விட்டார்கள். அம்மா இரண்டாம் வரிசை நடுவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பாட்டு முடிந்ததும் அவருடைய குரல் எழுந்தது. “ஏன் பிள்ளை நிலத்தைப் பாத்துப் பாடுறாய்? ஏதும் விழுந்திட்டுதோ?”

எங்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. மச்சாளும் சிரித்தாள். அதற்குப் பிறகு சப்பாத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்றும் சொல்லலாம்.

மூன்றாவது பாட்டுக்குப் பிறகு அம்மாவின் சிநேகிதி ஒருவர் கை உயர்த்தினார். “இது என்னத்தைப் பற்றின பாட்டு, பிள்ளை?”

“அது, ஆன்ரி... பஸ் வராது. நிண்டுகொண்டே இருக்கிறது. அந்த பீலிங்.”

“பஸ் வரேல்லையெண்டோ பாட்டு? நான் கிரின்ஸ்டெட்டில எட்டு வருசம் இருந்தனான். தெரிஞ்சிருந்தால் ஆயிரம் பாட்டு எழுதியிருப்பன்!”

மச்சாள் அதை ஆங்கிலத்தில் சொல்ல, டேனிஷ்காரர்களும் சிரித்தார்கள். கிரின்ஸ்டெட் எவ்வளவு ஒதுக்குப்புறமான ஊர் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆறாவது பாட்டு வந்தது. என் விரல் குறைக்கும் இடத்துக்குப் போனது. பின் எடுத்துவிட்டேன். அம்மா ஓர் அறிக்கை கொடுக்கப்போகிறார்; அதற்குப் பிழையான அளவு கொடுக்க என் படிப்பு விடவில்லை. இதை மச்சாளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

குரல் உடைந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மச்சாள் கையைத் தூக்கிக் குழுவை நிறுத்தி, “சொறி, அதைத் திருப்பிப் பாடுறன்,” என்றாள். திரும்பவும் உடைந்தது. இந்த முறை நிறுத்தவில்லை. நிமிர்ந்தபடியே கடைசிவரை பாடினாள்.

எல்லாம் முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றுகையில், வாகனத் தரிப்பிடத்தில் அம்மா மாமாவை அழைத்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார். மச்சாள் கிற்றார் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மாதிரி அக்கா? சனம் வந்ததோ?”

“மண்டபம் கொண்ட சனம்.” அதில் பதினான்கு பேர் தானும் தன் ஆட்களும் என்பதைச் சொல்லவில்லை.

“நல்லாப் பாடுறாளோ?”

அம்மா மச்சாளை நேரே பார்த்தபடி, “இல்லை,” என்றார்.

நான் கையிலிருந்த கேபிளைச் சுற்றுவதை நிறுத்தினேன்.

“ஒரு இடத்தில குரல் உடைஞ்சு போச்சு. நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் பாடினாள். திருப்பியும் உடைஞ்சுது. ஆனாப் பாடி முடிச்சவள்.”

“அப்ப பூட்டட்டோ?”

“உனக்கென்ன விசரே? நல்லாப் பாடுறவளுக்கு ஏன் கராஜ்? இவளுக்குத்தான் வேணும். பூட்டாதை.”

மாமா தன் கடைசி நியாயத்தை எடுத்தார்.

“கார் மழையில நிக்குது, அக்கா.”

“ஒரு படங்கை வாங்கி மூடு.”

டிரம்ஸ்காரர் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். மொழிபெயர்த்தேன்: ஒன்று, நீங்கள் நல்லாயில்லை, இரண்டு, கராஜ் உங்களுக்கு. இரண்டில் எதற்கு முகம் மாற்றுவது என்று தெரியாமல் அவர் இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமி, அந்த இடத்தை இன்னொருக்காப் பாடிக் காட்டட்டோ?”

“வேண்டாம் பிள்ளை,” என்றார் அம்மா, காரில் ஏறிக்கொண்டே. “கராஜில போய்ப் பாடு.”