அழைப்பு மணிக்குக் கறுப்புச் சில்லு தேடி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலூரில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். கண்ணமங்கலம், போளூர் வழியாகச் சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். பக்கத்து இருக்கை அம்மாள், கிரிவலமா என்று கேட்டார். பிளாஸ்டிக் வாங்கப் போகிறேன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

நான் சொன்னது உண்மைதான். எனக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் வேண்டியிருந்தது. பார்வைக்குக் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். ஆனால் டிவி ரிமோட்டிலிருந்து வருகிறதே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அதை மட்டும் உள்ளே விட வேண்டும்.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பக்கவாதத்தில் படுத்துவிட்டார். குரல் கட்டிலைத் தாண்டாது. பொத்தானை அழுத்த வலுவில்லை; வலது ஆள்காட்டி விரலைத் தூக்க மட்டும் முடியும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று ஒரு மணி செய்து கொடுத்தேன். பெட்டிக்கு முன்னால் விரலைத் தூக்கினால், அகச்சிவப்பு ஒளி விரலில் பட்டுத் திரும்பி, மணி அடிக்கும்.

அடிக்கத்தான் செய்தது. டிவியில் படம் மாறினால் அடித்தது. டியூப்லைட்டின் கீழே யாராவது நடந்தால் அடித்தது. மற்ற வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்பு ஜன்னல் அதற்கு இல்லை. ஆன்லைனில் வரவழைத்தது எந்த ஒளியையும் விடாத வெறும் கறுப்பு. அதற்குள் அக்கா வெறுத்துவிட்டாள். போன வாரம் மாமா உண்மையாகவே கூப்பிட்டபோது அவள் போகவில்லை. மனுஷன் தொண்டை வறண்டு வெகுநேரம் கிடந்திருக்கிறார்.

“அது சும்மா சும்மா அடிக்குதுடி. இப்பல்லாம் நான் காதுல போட்டுக்கறதே இல்ல” என்று போனில் சொன்னாள். அதற்குப் பிறகு வேலூரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒன்பதரைக்குத் திருவண்ணாமலை. சின்னக்கடைத் தெருவில் கார் சாமான் கடைக்காரர் கூலிங் பேப்பரை எடுத்துப் போட்டு, வெயிலே உள்ளே வராது என்று அடித்துச் சொன்னார். பையிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். ரிமோட்டின் நுனியைச் செல்போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தால், பொத்தானை அமுக்கும்போது ஊதாப் புள்ளி ஒன்று தெரியும். நடுவே பேப்பரை வைத்தேன். புள்ளி செத்துப்போயிற்று. அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து நிறுத்திவிட்டது.

தேரடி வீதியில் இரண்டு எலக்ட்ரானிக்ஸ் கடை. ஒன்றில் இல்லை, இன்னொன்றில் சென்னைக்குப் போங்கள் என்றார்கள். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் ஓர் ஆட்டோக்காரரிடம் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“கண்ணுக்குத் தெரியாத ஜோதியத் தேடி ஃபாரின்லேர்ந்து வந்து செங்கம் ரோட்டு ஆசிரமத்தாண்ட ரூம் எடுத்துத் தங்குறாங்க. நீங்க இன்னாடான்னா அதுக்கு மூடி கேக்குறீங்க. ஏறுங்க, காயலான் கடைக்குப் போலாம்.”

அவலூர்ப்பேட்டை சாலையில் தகரக் கொட்டகை. பழைய மிக்ஸி, மின்விசிறி, நொறுங்கிய நாற்காலிகள். கடைக்கார அம்மாள் தராசுக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறுப்பாகக் கிடந்ததையெல்லாம் எடுத்து ரிமோட்டின் முன்னால் வைத்துப் பார்த்தேன். பேட்டரி மூடி, டேப் ரெக்கார்டர் கதவு, எதுவும் தேறவில்லை. மூலையில் மேல்மூடி கழன்ற ஒரு கேபிள் டிவி செட்டாப் பெட்டி கிடந்தது. அட மடச்சி, ரிமோட்டுக்குக் கட்டுப்படுகிற பெட்டிக்கு ரிமோட் ஒளியை உள்ளே விடும் முகம் இருக்காதா! முன்பக்கத்துக் கறுப்புச் சில்லுக்கு வெளியே ரிமோட்டையும் உள்ளே செல்போனையும் பிடித்ததும் ஊதாப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மட்டும் பெயர்த்துக் கொடுங்கள் என்றேன். பிய்த்துப் பிய்த்து விற்றால் மீதியை யார் வாங்குவார்கள் என்று அம்மாள் முழுப் பெட்டியையும் நிறுத்துக் கட்டினார்.

அடி அண்ணாமலை போய்ச் சேரும்போது இரண்டு மணி. சில்லை அறுத்துப் பொருத்தினேன். டிவியைச் சத்தமாக வைத்தேன், விளக்கின் கீழ் நாலு தடவை நடந்தேன். மணி வாயைத் திறக்கவில்லை. மாமா விரலைத் தூக்கினார், அடித்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நாளைக்கும் இப்படி இருந்தால் பார்க்கலாம் என்றாள்.

ஞாயிறு காலை நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடிக்க ஆரம்பித்து, ஓயாமல் அடித்தது. பிறகு பட்டென்று நின்றது. ஈரத் தலையோடு ஓடினேன். அக்கா ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டாள். கட்டிலில் மாமா விரலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பெட்டியைப் பார்த்தேன். கறுப்புச் சில்லின் நட்டநடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். புதுப் பொருளாயிற்றே, அக்கா பொட்டு வைத்திருக்கிறாள். விரலோ சந்தனமோ, எதிரே ஒன்று இருந்து ஒளி திரும்பி வந்தால் மணிக்குப் போதும். அடித்துத் தள்ளியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அக்காவை மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“இத்தாம்பெரிய பெட்டியில உனக்கு வேற எடமே கெடைக்கலயா?”

“நெத்தி மாதிரி அந்த எடந்தான் இருந்துதுடி” என்றாள்.

மாமாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அக்காவும் சிரித்துவிட்டாள். சில்லைத் துடைத்து, ஸ்விட்சைப் போட்டு, பொட்டைப் பெட்டியின் முதுகில் வைத்தோம்.

பதினொரு மணிக்கு நேற்றைய ஆட்டோவே வந்தது. வாசலில் அக்கா முருங்கைக்கீரையைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது உள்ளே மணி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கீரையை என் கையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நான் ஆட்டோவில் ஏறாமல் நின்றேன். திரும்பி வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னா வேணுமாம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேணாமாம். அடிச்சா நான் வர்றனானு பாத்தாராம்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது. அக்கா மறுபடி ஓடினாள்.