சுரைக்குடுவையில் ஊர் வரைந்த பின்தா

செவ்வாய்க்கிழமை காலை, ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் ஒரு வீட்டில் மின்கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். பின்தாவின் தம்பி தொலைபேசியில் அழைத்து, அக்கா போய்விட்டார் என்றார். எங்கே என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகுதான் விளங்கியது. மூளையில் இரத்தக் கசிவு. ஏணியிலிருந்து இறங்கி, வீட்டுக்காரரிடம் ஒரு கதிரை கேட்டு உட்கார்ந்தேன்.

ரொம்சோஸ் மண்டபத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகளின் கலைவிழாவுக்கு மேடை விளக்குகளைக் கட்டித் தந்தவர் என்றால் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஒஸ்லோவில் பிறந்தவர். தகப்பனார் லமின் காம்பியாவிலிருந்து வந்து இங்கே பேருந்து ஓட்டியவர். கதிரைகளும் விளக்குகளும் வடிவமைப்பது பின்தாவின் தொழில். அவற்றுக்கு மின்னிணைப்புக் கொடுப்பது பதினொரு வருடமாக என் வேலை. நாங்கள் கதைத்தது நோர்வே மொழியில். நினைக்கும்போது மட்டும் அவர் என்னோடு எங்கள் தமிழில் பேசுகிறார்.

முதல் நாள் தன் பட்டறையில் என்னை ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். தகப்பனாரின் ஊரில் கண்டு செய்தது. இரண்டே பலகை, ஒன்றின் துளைக்குள் மற்றதைச் செருகியிருந்தார், ஆணி கிடையாது. விழுந்துவிடுவேனோ என்று பாதி எழும்பியபடியே இருந்தேன். "பாரமா இரும். பயந்து இருந்தாத்தான் சரியும்" என்றார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சுரைக்குடுவை விளக்கு. மகள் அறியவேண்டும் என்று லமின் தன் ஊரை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தார்: ஆறு, பள்ளிவாசல், கிணறு, தங்கள் வீட்டு வளவு. பின்தா அதைக் காய்ந்த சுரைக்குடுவையில் துளைகளாக இட்டார். உள்ளே மின்குமிழ் எரிந்தால் சுவரில் ஊர் விழும். முதன்முதல் ஏற்றியபோது லமின் சுவரருகே போய், தங்கள் வளவின்மேல் கை வைத்தபடி நின்றார்.

ஒரு தளபாட நிறுவனம் அந்த விளக்கைக் கேட்டது. ஒப்பந்தத்தைப் பின்தா எனக்கு வாசித்துக் காட்டினார். சந்தோசத்தில் இருவரும் பாதியைத்தான் கவனித்தோம். "வையும் கையெழுத்தை" என்று சொன்னவன் நான். அவர்கள் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். துளைகளெல்லாம் ஒரே அளவாயின. இரண்டு பக்கமும் ஒத்திருக்கவேண்டும் என்று ஊரின் பாதியைத் திருப்பிப் போட்டார்கள். ஒப்பந்தப்படி அந்த வடிவத்தை இனித் தன் கையால்கூடப் பின்தா செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது.

வேறு வேலை செய்து பார்த்தார். கண்ணாடியில், இரும்பில், அழகான விளக்குகள். எடுத்துப் போன இடமெல்லாம், இதில் உங்கள் ஆபிரிக்கா எங்கே என்று கேட்டுத் திருப்பினார்கள். "நான் செய்ததுக்குள்ளையே என்னைப் பூட்டிப்போட்டாங்கள்" என்றார் ஒரு நாள். குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்துவிட்டு, அன்று முழுவதும் வேறெதுவும் செய்யவில்லை.

அந்தக் காலத்தில்தான் லமினுக்கு மறதி முற்றி, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அவருடைய அறைக்கு மட்டும் ஒரு சுரைக்குடுவை செய்ய பின்தா அனுமதி கேட்டார். நிறுவனம் மரியாதையாக மறுத்து, தங்களுடைய விளக்கொன்றை அனுப்பிவைத்தது. ஒருவருக்கும் சொல்லாமல் செய்வோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"அப்பான்ர ஊரை நான் களவாச் செய்ய மாட்டன்."

பிளாஸ்டிக் விளக்கை நான்தான் அந்த அறையில் பொருத்தினேன். லமின் சுவரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது ஆரின்ர ஊர்?" என்று கேட்டார். மறதியில் கேட்டாரா, ஊர் பிழையாக இருந்ததால் கேட்டாரா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பின்தா எழுந்து விளக்கை அணைத்தார்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் தகப்பனாரின் கட்டிலருகே இருந்து ஊரை வாயால் சொல்லத் தொடங்கினார். ஆற்றிலிருந்து ஏறினால் வலது கைப்பக்கம் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் கிணறு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சில நாட்களில் லமின் இடைமறித்துத் திருத்துவார். நானும் பல தடவை கூட இருந்தேன். "சொல்லுறதுக்கு ஒப்பந்தத்தில தடை இல்லை" என்பார் பின்தா. அந்த ஒப்பந்தம் முடியும்வரை அவர் இருக்கவில்லை. விளக்கு இன்னும் கடைகளில் இருக்கிறது. கையெழுத்தை வையும் என்ற என் குரலும் என்னோடு இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, நான் ஒருநாளும் போகாத ஓர் ஊருக்கான வழி. சனிக்கிழமைகளில் இப்போது நான், என் வீடிருக்கும் புருசெத்திலிருந்து லமினிடம் போகிறேன். மகள் இறந்ததை மகன் இரண்டு தடவை சொல்லிவிட்டார். லமினின் நினைவில் அது நிற்கவில்லை. போன சனி ஊர்வழியைக் கிணற்றடி வரை சொல்லி, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"பின்தா வரேல்லையோ?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப மிச்சத்தை நீர் சொல்லும்."