குழி இல்லாத படம்

பினாங்குத் தீவில் பார்த்தீனியம் என்ற விஷச்செடியை ஒழித்துக் கட்டியவன் நான்தான். சாட்சி வேண்டுமா? இதோ என் பையில் கிடக்கும் இந்தச் சிவப்புப் பிடி ஸ்க்ரூ டிரைவர். போன வாரம் தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக்காரரிடம் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தேன். அவரும் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டார். அத்தனையும் பொய். அந்தச் செடியை நான் ஒழிக்கவில்லை, பரப்பினேன். ஸ்க்ரூ டிரைவரும் என்னுடையது இல்லை. அது எங்கள் மண்டோர் அக்காவுடையது. பிடியில் சிவப்புச் சாயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் அவர் சுற்றிய துணி டேப் இன்னும் இருக்கிறது. பிடிக்கும்போதெல்லாம் அவருடைய சின்னக் கைக்கு அளவெடுத்துச் சுற்றியது என் தடித்த விரல்களுக்குப் பொருந்தாமல் உறுத்தும். உறுத்தட்டும் என்றுதான் நானும் டேப்பைப் பிரிக்கவில்லை.

நகராட்சிக்காகச் சாலையோரப் புல் வெட்டும் ஒரு குத்தகைக் குழுவில் நான் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. எப்படியோ, முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு புல் வெட்டுவதற்குப் பரீட்சை ஏதும் வைக்கவில்லை, பிழைத்தேன். எங்கள் குழுவுக்கு மேற்பார்வை பார்த்தவர்தான் மண்டோர் அக்கா. நிமிர்ந்து நின்றாலும் புல் வெட்டும் மெஷின் உயரம்தான் இருப்பார். தலையில் துண்டு, துண்டின் மேல் ஓலைத் தொப்பி, சட்டைப் பையில் ஜெபமாலை. காலையில் லோரியை விட்டு இறங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். "என்னாக்கா, புல்லுக்குப் பாவமன்னிப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "புல்லு என்னா பாவம் பண்ணுச்சு? ஒனக்குத்தாண்டா தம்பி, சேத்துக் கேட்டு வைக்கிறேன்" என்றார். அன்று லோரியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இப்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஒரு காலையில் நகராட்சி அதிகாரி ஒருவர் ஒரு படத்தோடு வந்தார். கேரட் இலை மாதிரி இலை, அரிசிப் பொரியை அள்ளித் தெளித்த மாதிரி வெள்ளைப் பூ. தொட்டால் தோல் வெடிக்கும், மகரந்தம் மூக்கில் போனால் மூச்சு இழுக்கும், மாடு தின்றால் பாலே கசக்கும் என்றார். ஒரு செடியில் எத்தனை விதை என்று அவர் சொன்ன கணக்குக்கு எங்கள் எல்லோருடைய விரல்களும் சேர்ந்தும் போதவில்லை. பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் முதலில் கறுப்புப் பையால் தலையை மூடி, அதன் பிறகு பிடுங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் மெஷின் படக்கூடாது. அடுத்த இடத்துக்குப் போகுமுன் சப்பாத்து, மெஷின், லோரியின் தட்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் இந்த ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். கல் கலந்த மண்ணில் கையால் இழுத்தால் தண்டு மட்டும் ஒடிந்து வரும், வேர் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, செடியின் அடியில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி ஒரு நெம்பு நெம்புவார். வேர் முழுசாக மேலே வரும். "கழுத்தப் புடிக்காத தம்பி, காலப் புடி" என்பார். செடி வந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். அந்தக் குழியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாளியை அடுத்த செடிக்கு நகர்த்துவார்.

என் வீரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாகத் தின்னும் உலாம் ராஜா என்று ஒரு கீரை உண்டு. அதன் இலையும் கிட்டத்தட்ட இந்தச் செடியின் இலை மாதிரியே இருக்கும். ஒரு வீட்டுப் பின்பக்கச் சந்தில், சாக்கடையோரமாக அது ஒரு பாத்தி முழுக்கத் தளதளவென்று நின்றது. நான் பாய்ந்து அத்தனையையும் வேரோடு பிடுங்கி, பையில் கட்டி, படமும் எடுத்துவிட்டேன். திரும்பினால் வீட்டுக்கார மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, கையில் சோற்றுத் தட்டோடு நிற்கிறார். பாவம், பகல் சாப்பாட்டுக்கு ரெண்டு கொத்துப் பறிக்க வந்திருக்கிறார். பாத்தியைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அக்கா ஓடி வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கிடைத்தது வேறு. "அதோட பூ ஊதா, இதோட பூ வெள்ள. கண்ண என்னா வாடகைக்கா விட்டுருக்க?" அடுத்த நாள் நாற்று வாங்கி வந்து, பகல் ஓய்வு நேரத்தில் தானே அந்தப் பாத்தியில் நட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து லோரி ஓட்டுநர் எனக்கு உலாம் ராஜா என்று பெயர் வைத்துவிட்டான். எங்கே போனாலும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் நின்றது. வெளியே நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே காந்தியது. ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் பொறுக்காது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தொடங்குமுன் ஒரு படம், முடித்த பின் ஒரு படம். இரண்டையும் கைப்பேசியில் அனுப்பினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அந்தப் பின்படத்தில்தான் என் கதை மாட்டிக்கொண்டது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்மலைக்குப் போகும் சாலைக்குப் பக்கத்தில் ஒரு காலி நிலம். அதில் அந்தச் செடி இடுப்பளவு வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து நின்றது. அக்கா நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். "காவடி எடுக்கிறவங்க வெறுங்கால்ல வருவாங்க தம்பி. கைப்புள்ளைங்கள தூக்கிட்டு வருவாங்க. ஒண்ணுகூட நிக்கக் கூடாது. மெதுவா செய், நாளைக்கும் சேத்து எடுத்துக்க" என்றார். மாதா கோயிலுக்குப் போகிறவர், முருகன் கோயிலுக்கு வருகிறவர்களின் காலுக்குக் கவலைப்பட்டார். பைகளையும் கையுறையையும் என்னிடம் கொடுத்துவிட்டு லோரியில் ஏறினார். ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டி, "டேய் உலாம் ராஜா, பாத்துடா! யார் வூட்டு வாழையையும் புடுங்கிறாத!" என்று கத்திவிட்டுப் போனான்.

ஒரு பத்துச் செடி பிடுங்கியிருப்பேன். வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. காந்தல் வேறு. சாயங்காலத்துக்குள் முடித்துக் காட்டி இவன்கள் வாயை அடைக்க வேண்டும் என்று ஒரு வெறி. மெஷின் பக்கத்திலேயே படுத்திருந்தது. கட்டினேன், இழுத்தேன், அரை மணி நேரத்தில் நிலம் மொட்டை. வெள்ளைப் பூ பொரி மாதிரி பறந்து என் தலையிலும் தோளிலும் விழுந்தது. யாரோ எனக்கு அட்சதை போடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. வெட்டியதை வாரிப் பையில் கட்டினேன். பின்படம் எடுத்தேன். அக்கா வந்து, "அதுக்குள்ளயா? வேரோட எடுத்தியா?" என்று கேட்டார். "வேரென்னாக்கா, வேரோட அம்மாவையே எடுத்துட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் வேலை முடிந்ததற்கான தாளில் கையெழுத்துப் போட்டார். வெளிச்சம் குறைந்திருந்தது, மழையும் தூறியது, நிலத்துக்குள் இறங்கிப் பார்க்கவில்லை. நான் சொன்னேன் என்று நம்பினார். மெஷினையும் நான் கழுவவில்லை. கழுவினால், போடாத மெஷினை ஏன் கழுவுகிறாய் என்று கேட்பாரே.

தைப்பூசம் நன்றாக நடந்தது. யார் காலிலும் எதுவும் படவில்லை, நானும் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துச் செடி வந்தது. அந்த நிலத்தில் மட்டுமா? பள்ளிக்கூட வேலியோரம், கல்லறைத் தோட்டத்து மதில், சந்தைக்குப் பின்புறம் என்று நாங்கள் போன இடமெல்லாம் வந்தது. அதிகாரி ஒரு வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை போன இடம், செவ்வாய்க்கிழமை போன இடம் என்று எங்கள் லோரியின் வாரம் அப்படியே அதில் இருந்தது. எனக்கே ஒழுங்காகப் படிக்க வராத வேலை அட்டவணையை அந்தச் செடி எழுத்துப் பிசகாமல் படித்திருந்தது.

குத்தகைக்காரரின் அலுவலகத்தில் அக்கா, ஓட்டுநர், நான் என்று மூன்று பேரும் நின்றோம். மேசை மேல் என் பின்படத்தை அச்செடுத்து வைத்திருந்தார்கள். யார் மெஷின் போட்டது என்று அதிகாரி கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்தால் எங்கெங்கே தேட வேண்டும் என்று புரியும், அதற்குத்தான் கேட்டார். என் வாய் திறந்தது. நான் சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். வந்தது வேறு. "துவான், அந்தச் செடிக்கு லைசன்ஸ் இருக்கும்போல, அதுவே லோரிய ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு." ஓட்டுநர் சிரித்தான். குத்தகைக்காரர்கூட மீசைக்குள் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டை விரலால் அதன் ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டு, "கையெழுத்து என்னோடது. நாந்தான் பொறுப்பு" என்றார்.

படத்தில் வேர் தெரியாது என்பதுதான் என் தைரியம். வேர் தெரியாது, சரி. குழி தெரியும். பிடுங்கிய நிலம் என்றால் அம்மைத் தழும்பு போல நிலமெல்லாம் குழி இருக்க வேண்டும். என் படத்தில் ஓர் ஓரத்தில் பத்துக் குழி இருந்தது. மற்ற இடமெல்லாம் சவரம் செய்த கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு குழியையும் பார்த்துவிட்டு நகரும் அந்தக் கண்ணுக்கு இது தெரியாமலா போயிருக்கும்? எனக்கு இது உறைக்கவே பல மாதம் பிடித்தது.

அவருடைய மண்டோர் வேலை போனது. சாதாரண ஆளாக, அந்தச் சிவப்புப் புள்ளிகளில் எல்லாம் செடி பிடுங்கும் வேலைக்குப் போட்டார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வாரக்கணக்கில் அவர் பிடுங்கினார். நானும் பக்கத்தில் பிடுங்கினேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியர்வையில் முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டும்போது அதைக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வார். முதலில் கழுத்தில் சிவப்பாகத் தடித்தது, பிறகு முழங்கை வெடித்தது. பிறகு லோரியில் ஏறும்போது பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். இனி இந்தச் செடிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டார். போகும் நாளில் இந்த ஸ்க்ரூ டிரைவரை என் கையில் வைத்து, "வச்சுக்க. எனக்கு இனி எதுக்கு?" என்றார். அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "என்னாக்கா, தங்கத்துல ஒண்ணு தருவீங்கன்னு பாத்தேன்" என்றேன். தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பூசைக்குப் போய்வந்த சேலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குழல். என்னைக் கண்டதும், "வாடா உலாம் ராஜா! அந்த மக்சிக் கதைய ஒருவாட்டி சொல்லு, சிரிச்சு நாளாச்சு" என்றார். சொன்னேன். சோற்றுத் தட்டோடு நின்ற மாதிரி நின்றும் காட்டினேன். சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமல் வந்தது, குழலை இரண்டு தடவை உறிஞ்சினார். மூச்சு அடங்கியதும் என்னையே பார்த்தார். "வேற ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" மெதுவாகத்தான் கேட்டார். கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியாருக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்குமா தெரியாது. நான், "இல்லக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டேன். நான் வந்ததோ மோட்டார் சைக்கிளில்.

அதனால்தான் எழுதுகிறேன். வாயை நம்ப முடியாது, அது இத்தனை வருடமாக என்னைக் காப்பாற்றிக் காப்பாற்றியே கெடுத்துவிட்டது. மறுபடியும் தைப்பூசம் வருகிறது. அதே காலி நிலத்தில், அவர் செய்த மாதிரியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இதை அவர் முன்னால் உட்கார்ந்து வாசிக்கப் போகிறேன். சிரிக்க வைக்கும் பக்கத்தையெல்லாம் கிழித்துவிட்டு, ஒரே ஒரு வரியை மட்டும் வாசித்தால் போதும். அக்கா, அன்றைக்கு மெஷினை எடுத்தது

"டேய் உலாம் ராஜா! கணக்குப்பிள்ள மாதிரி என்னா எழுதிக்கிட்டு இருக்க? இங்க மதிலோரம் ஒண்ணு பூத்து நிக்குதுடா. மழ வர்ற மாதிரி இருக்கு, மெசின் போட்டு முடிச்சிரட்டுமா லா?" மதிலோரத்திலிருந்து ஓட்டுநர் கத்தினான்.

"போடாத! கைய வைக்காத, நான் வரேன், பைய எடு, மொதல்ல பூவ மூடணும்!"