சரிபாதி என்று எழுதிய பக்கம்

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாம் ஆண்டுத் திவசத்துக்குப் போனேன். வீட்டு வாசல் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். சிவராசா. பருத்தித்துறைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர். பெயரை மாற்றியிருக்கிறேன் — தேடிப் போய்விடாதீர்கள்!

திவசம் தங்கவேலுவுக்கு. சிவராசாவோடு பதினெட்டு வருடம் அந்தக் கடையை நடத்தியவர். மாரடைப்பில் போய்விட்டார்.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு கல்வெட்டு அச்சடித்தார்கள். நினைவுப் புத்தகம்தான். பேப்பர் தட்டுப்பாடு... கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அடித்தார்கள். அதில் சிவராசாவின் பெயரில் ஓர் இரங்கலுரை. எழுதிக் கொடுத்தவன், பள்ளிக்கூட மாஸ்டரான நான். "இந்தக் கடையில் நீ சரிபாதி. லாபமும் நட்டமும் நம் இருவருக்கும் பொது" என்று எழுதினேன். சிவராசா வாசித்து அழுதார். எனக்கு உள்ளூரப் பெருமை. எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தோடு ஒரு வல்வெட்டித்துறை வியாபாரி வந்தார். தங்கவேலு கடைக்கென்று சொல்லி அவரிடம் நிறைய சைக்கிள் ரயர்களைக் கடனுக்கு எடுத்திருக்கிறார். ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. வெளியில் விற்று, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். சிவராசாவுக்கு எதுவுமே தெரியாது. ஆனால் பங்காளி பட்ட கடனுக்குப் பங்காளிதானே பொறுப்பு? வியாபாரி கேட்டதிலும் பிழையில்லை. கொடுப்பதென்றால் கடையையே விற்க வேண்டும்.

சட்டத்தரணி ஒரு வழி சொன்னார். பங்கு என்று உறுதிப் பத்திரம் எதுவும் எழுதவில்லை. ஆகவே தங்கவேலு வெறும் சம்பளத்துக்கு நின்றவர், இரங்கலுரை செத்தவீட்டு மரியாதைக்கு எழுதியது என்று ஒரு கடிதம் கொடுத்தால் தப்பலாம்.

சிவராசா முடியாது என்றுவிட்டார். மறுநாள் தங்கவேலுவின் மனைவியே தேடி வந்தார்.

"அண்ணை, சம்பளத்துக்கு நிண்டவர் எண்டே எழுதுங்கோ. நானும் கையெழுத்து வைக்கிறன். உங்கடை பிள்ளையளும் சாப்பிடவேணும்."

சிவராசா இணங்கினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். முதலில் எழுதியது உண்மை, இரண்டாவது பொய். வென்றது இரண்டாவதுதான். வியாபாரி வழக்குக்குப் போகவில்லை. கடை தப்பியது. அதில் யாருக்குச் சந்தோஷம்? எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

படலையடியில் சிவராசாவை உள்ளே வரச் சொன்னேன். அசையவில்லை.

"என்னெண்டு உள்ளுக்கை வாறது, மாஸ்டர்? வேலைக்காரன்ரை திவசத்துக்கு முதலாளி வந்திருக்கிறார் எண்டெல்லோ ஆகிப்போச்சு."

பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தக் கடிதத்தை அவன் வாசிக்கமாட்டான்தானே?"

உள்ளே சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். சிவராசா சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இனி இரங்கலுரை கேட்டு வருகிறவர்கள் — தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள்.