ஃபீவர் இல்லாத லீவு லெட்டர்

டைப்பிங் கடைக்காரனுக்கு விரலைவிட வாய்தான் அதிகம் வலிக்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷில் லீவு லெட்டர் வேண்டும். உங்களையும் என்னையும் போலவே அவர்களும் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வரியைத்தான் உருப்போட்டிருக்கிறார்கள்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' காய்ச்சல் இருந்தால் அது சரியான வரிதான். இல்லாதபோதும் அதையே அடிக்கச் சொன்னால் நான் என்ன செய்வது, சொல்லுங்கள்!

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்

அனந்தபுரத்து இளைஞர் ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். கல்யாணத்துக்கு லீவு என்று அடித்துக் கொடுத்தேன். காய்ச்சல் வரி எங்கே என்று கேட்டார். பத்திரிகையையும் கூடவே வைத்துக் கொடுக்கப் போகிறாராம்! ஆபீஸில் சிரிக்க மாட்டார்களா என்றேன்.

"சிரிக்கட்டும் சார், அந்த வரி இல்லன்னா லெட்டரு மாதிரியே இருக்காது."

நிஜக் காய்ச்சல்

தொண்டூர்க்காரர் ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வந்தார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. இன்றைக்காவது அந்த வரி பொருந்துகிறதே என்று ஆசையாக அடிக்க ஆரம்பித்தேன். மனிதர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

"இன்னா சார், காய்ச்சல்னா யாரு நம்புவாங்க? மச்சான் கல்யாணம்னு போடுங்க."

சுமதியின் லெட்டர்

தளவானூர் சுமதிக்கு ஒரு செருப்புக் கம்பெனியில் தையல் வேலை. மகனுக்குப் பாண்டிச்சேரியில் இதய ஆபரேஷன் நடக்க இருந்தது. அவனை டாக்டரிடம் கூட்டிப்போன ஒவ்வொரு முறையும் தனக்குக் காய்ச்சல் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னொரு முறை காய்ச்சல் என்றால் வேலைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அப்படியும் அதே வரியைத்தான் கேட்டார்! எனக்குக் கோபமே வந்துவிட்டது. "உள்ளத எழுதும்மா" என்றேன். "வூட்டு கஷ்டத்த எல்லாம் லெட்டர்ல எழுதுவாங்களா சார்?" என்று கண் கலங்கினார்.

மகனுக்கு ஆபரேஷன், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எளிய இங்கிலீஷில் அடித்து, தமிழில் படித்துக் காட்டினேன். பயந்துகொண்டேதான் வாங்கிப் போனார். அவர் வேலை போனால் நான்தானே காரணம்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையன் தேறி வீட்டுக்கு வந்தபின் சுமதி கடைக்கு வந்தார். லீவு கிடைத்தது, வேலையும் போகவில்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது வேறு.

"இத்தினி நாளா காய்ச்சல்னு எழுதிக் குடுத்தேன், ஒருத்தரும் எப்டி இருக்கன்னு கேக்கல. இந்தவாட்டி சூப்பர்வைசரம்மா போன் பண்ணி, புள்ள சாப்டானான்னு கேட்டாங்க சார்."

மனப்பாட வரிக்கு லீவு மட்டும்தான் கிடைக்கும், மனதில் இருப்பதை எழுதினால் விசாரிக்க ஒரு ஆளும் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள, பள்ளிக்கூடம் போன எனக்கு ஒரு கடையே வைக்க வேண்டியிருந்தது.